நியாயப் போர் என்பது போருக்கான அனுமதிச் சீட்டா?

போர் வரப்போகிறது என்ற பேச்சு அடிபடத் தொடங்கியதும் கிறிஸ்தவர்களிடையே இரண்டு வசனங்கள் உலாவரத் தொடங்கும். ஒரு தரப்பு ரோமர் 13-ஐ எடுக்கும்: அதிகாரத்தில் இருப்பவன் ‘பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை’. மறுதரப்பு மத்தேயு 5-ஐ எடுக்கும்: ‘உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்’. வாக்குவாதம் சூடுபிடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர், “இது நியாயப் போர், சபையே ஒப்புக்கொண்ட கோட்பாடுதானே” என்று சொல்லி முடித்துவைப்பார். அந்தக் கோட்பாடு என்ன சொல்கிறது, யார் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

அந்தக் கேள்விகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் இறையியல் பேராசிரியர் அல்ல. ஞாயிறுதோறும் மன்றாட்டு வேளையில் ‘தேசங்களின் சமாதானத்துக்காக’ என்று போதகர் சொல்லும்போது ஆமென் சொல்லும் சாதாரண விசுவாசி. என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கோட்பாட்டை நேர்மையாகப் பொருத்திப் பார்த்தால் பெரும்பாலான போர்களுக்கு ‘வேண்டாம்’ என்றுதான் விடை வரும்.

## மூன்று நிலைப்பாடுகள்

போரைப் பற்றிக் கிறிஸ்தவ மரபில் மூன்று நிலைப்பாடுகள் உண்டு. பேச்சுவாக்கில் மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன.

முதலாவது, புனிதப் போர். கடவுளே நடத்தச் சொன்ன போர், அதில் சாவது புண்ணியம் என்ற எண்ணம் இது. 1095-இல் பிரான்சின் கிளெர்மாண்ட் நகரில் திருத்தந்தை இரண்டாம் ஊர்பான் விடுத்த அழைப்பில் தொடங்கிய சிலுவைப் போர்கள் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2022 செப்டம்பரில் உக்ரைன் போருக்காக ரஷ்யா ஆள்திரட்டத் தொடங்கிய சில நாட்களில், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவர் கிரில், ராணுவக் கடமையில் உயிர்விடுபவரின் தியாகம் அவரது பாவங்களையெல்லாம் கழுவிவிடும் என்று பிரசங்கித்தார். எதிர்ப்பக்கத்தில் சாகிறவர்களிலும் பெரும்பாலோர் அதே ஆர்த்தடாக்ஸ் மரபில் ஞானஸ்நானம் பெற்றவர்களே.

இரண்டாவது, போர்மறுப்பு. எந்தக் காரணத்துக்காகவும் கிறிஸ்தவர் ஆயுதம் ஏந்தி உயிரெடுக்கக் கூடாது என்ற நிலைப்பாடு. மென்னோனைட்டுகள், குவேக்கர்கள் போன்ற சபையினர் பல நூற்றாண்டுகளாக இதில் நிற்கிறார்கள்.

மூன்றாவதுதான் நியாயப் போர். போர் தீமைதான்; ஆனாலும் அதைவிடக் கொடிய தீமையைத் தடுக்க, மிகச் சில வேளைகளில், கடும் நிபந்தனைகளோடு அதைச் செய்ய நேரிடலாம் என்று இது சொல்கிறது.

பொதுமேடைகளில் ‘நியாயப் போர்’ என்று பேசுகிற பலர் உண்மையில் புனிதப் போரைத்தான் பேசுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட யோசுவா 5-ஆம் அதிகாரம் எனக்குப் பிடித்த இடம். எரிகோவின் அருகே உருவின பட்டயத்தோடு நிற்கும் ஒருவரைப் பார்த்து, “நீ எங்களைச் சேர்ந்தவனோ, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவனோ” என்று யோசுவா கேட்கிறார். ‘உங்களைச் சேர்ந்தவன்’ என்ற பதிலை எதிர்பார்த்திருப்பார். வந்த பதில், “அல்ல”. கர்த்தருடைய சேனையின் அதிபதி, யோசுவாவின் பக்கம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. அதே யோசுவாவின் புத்தகத்தில் கடவுள் கட்டளையிட்ட போர்கள் இருக்கின்றன என்பதும் உண்மைதான்; அந்தச் சிக்கலை நான் மூடிமறைக்கவில்லை. ஆனால், தங்கள் போருக்கு அந்தப் பக்கங்களைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் இந்த ‘அல்ல’வைத் தாண்டித்தான் போகவேண்டும்.

## அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்

நல்ல அறுவை மருத்துவர் ஒருவர் எப்படி முடிவெடுப்பார்? உடலைக் கத்தியால் கிழிப்பது இயல்பாகவே ஒரு கேடு என்பதிலிருந்துதான் அவர் தொடங்குவார். உண்மையிலேயே நோய் இருக்கிறதா, வெறும் சந்தேகமா? மருந்தில் தீருமா? அறுப்பதற்கு எனக்குத் தகுதியும் அதிகாரமும் உண்டா? நோயாளி பிழைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறதா? குணமாவதைவிடச் சேதம் அதிகமாகிவிடுமா? நான் இதைச் செய்வது அவருக்காகவா, எனக்கு வரும் பணத்துக்காகவா? இத்தனைக்கும் திருப்தியான பதில் கிடைத்த பிறகுதான் கத்தி. அப்போதும் நோயுற்ற பாகத்தை மட்டுமே தொடவேண்டும். தையல் போட்ட பிறகு நோயாளியை விட்டுவிட்டு ஓடவும் கூடாது.

நியாயப் போர்க் கோட்பாட்டின் கேள்விகள் ஏறக்குறைய இவையேதான். ‘அறுவை சிகிச்சை சில வேளைகளில் சரி’ என்று ஒப்புக்கொண்ட ஒருவரை, அதனால் அவர் எல்லோரையும் அறுக்கச் சொல்கிறார் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. போர் விஷயத்தில் மட்டும் அப்படிப் புரிந்துகொள்கிறோம்.

இந்த ஒப்பீடு ஓர் இடத்தில் உடைந்துபோகிறது. உடையும் இடம் முக்கியமானது. மருத்துவமனையில் சம்மதக் கையெழுத்துப் போடுகிறவரும் கத்திக்குக் கீழே படுக்கிறவரும் பெரும்பாலும் ஒருவரே. போரில் முடிவெடுப்பவர் வேறு, சாகிறவர் வேறு. தலைநகரில் போடப்படும் ஒரு கையெழுத்துக்காக எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு குழந்தை செத்துப்போகும். ஆகவே மருத்துவரிடம் எதிர்பார்ப்பதைவிட அதிகமான தயக்கத்தை அரசனிடமும் அமைச்சரிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

இதுவரை பார்த்ததன் சாரம்: நியாயப் போர்க் கோட்பாடு ‘போர் கூடாது’ என்பதிலிருந்து புறப்படுகிறது. விதிவிலக்கு வேண்டும் என்பவர்தான் நிரூபிக்கவேண்டும்.

## இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது?

ஆதித் திருச்சபை முழுக்க முழுக்கப் போரை மறுத்தது என்று சிலர் சொல்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். இரண்டு தரப்புக்கும் பிடி கொடுக்கும் சம்பவம் ஒன்று உண்டு. 295-ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் தெவெஸ்தே நகரம். ராணுவ வீரர் ஒருவரின் மகனான 21 வயது மாக்சிமிலியனைப் படையில் சேர்க்க அதிகாரிகள் உயரம் அளக்கிறார்கள். “நான் கிறிஸ்தவன், படையில் சேர முடியாது” என்கிறான். விசாரிக்கும் ஆளுநர் தியோன், பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று மடக்குகிறார். தங்களுக்கு எது தகும் என்று அவர்களுக்குத் தெரியும், நான் கிறிஸ்தவன், தீமை செய்ய என்னால் முடியாது என்ற பொருளில் பதில் சொல்கிறான். அன்றே தலை வெட்டப்படுகிறது. மறுத்தவனும் இருந்தான், மெய்க்காவலில் நின்றவர்களும் இருந்தார்கள். திருச்சபை ஒரே குரலில் பேசிய காலம் அது அல்ல.

புதிய ஏற்பாட்டிலும் இந்த இரட்டைத்தன்மை இருக்கிறது. “பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள்” என்று பேதுருவைத் தடுக்கிறார் இயேசு. யோவான் ஸ்நானகனிடம் வந்து “நாங்கள் என்ன செய்யவேண்டும்” என்று கேட்ட போர்ச்சேவகரிடம் அவர் வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதிருங்கள், சம்பளமே போதுமென்றிருங்கள் என்றுதான் சொன்னார்.

312-இல் கிறிஸ்தவத்தை ஆதரித்த ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வென்று, 380-இல் கிறிஸ்தவமே ரோமப் பேரரசின் அதிகாரபூர்வ மதமானபோது கேள்வி மாறியது. முன்பு ‘நான் வாளெடுக்கலாமா’ என்று கேட்ட சமூகம், ‘எல்லையைக் காப்பது யார்’ என்று கேட்கவேண்டிய நிலைக்கு வந்தது. அதிகாரத்தோடு ஒட்டிக்கொண்டதும் சபை வாயை மூடிக்கொண்டது என்று சொல்லிவிடவும் முடியாது. 390-இல் தெசலோனிக்கே நகரில் பேரரசர் தியோடோசியஸ் பொதுமக்களைப் படுகொலை செய்வித்தபோது, மிலான் ஆயர் அம்புரோஸ் அவரை நற்கருணைக்கு விடவில்லை. பேரரசர் பகிரங்கமாகப் பாவப்பரிகாரம் செய்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார்.

அம்புரோசிடம் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீன்தான் இந்தக் கோட்பாட்டின் அடித்தளத்தைப் போட்டவர். அவர் சொன்னதில் ஒன்று இன்றைக்கும் நம்மைத் திடுக்கிட வைக்கும்: தனிமனிதர் தன் உயிரைக் காத்துக்கொள்வதற்காக இன்னொருவரைக் கொல்வதை அவர் ஏற்கவில்லை. பொதுப்பொறுப்பில் உள்ளவர் பிறரைக் காக்கவேண்டி ஆயுதம் எடுப்பதை மட்டுமே ஏற்றார். அயலானை நேசி என்ற கட்டளையிலிருந்து அவர் புறப்படுகிறார். அடிபடுகிற அயலானைக் காக்க அடிக்கிறவனைத் தடுத்தாக வேண்டுமே என்பதுதான் அவரது சிக்கல். போனிபாஸ் என்ற தளபதிக்கு எழுதிய கடிதத்தில், உன் விருப்பம் சமாதானமாக இருக்கட்டும், போர் கட்டாயத்தால் மட்டும் வரட்டும், தோற்றவனுக்கு இரக்கம் காட்டு என்று அறிவுரை சொல்கிறார். இவையெல்லாம் போரே இல்லாத ஊரில் உட்கார்ந்து எழுதியவருடைய வார்த்தைகள் என்று நினைத்துவிடக் கூடாது. 430-இல் அவர் இறந்தபோது அவரது நகரமான ஹிப்போவை வண்டால்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் முற்றுகையிட்டிருந்தார்கள்.

எட்டு நூற்றாண்டுகள் கழித்து இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை மூன்று கேள்விகளாகச் சுருக்கினார். அவர் அந்தப் பகுதியை வைத்த இடத்தைக் கவனியுங்கள். அன்பு என்ற புண்ணியத்தைப் பற்றி எழுதும்போது, அன்புக்கு விரோதமான பாவங்களின் வரிசையில் போரை வைக்கிறார். ‘போர் செய்வது எப்போதுமே பாவமா?’ என்பதே அவர் எழுப்பும் கேள்வி. எது பாவமில்லை என்று வாதாட வேண்டியிருக்கிறதோ அதன் நிலைமை உங்களுக்குப் புரியும்.

## கேள்விகள் என்னென்ன?

போருக்கு முன் கேட்க வேண்டியவை ஒரு தொகுதி. போர் நடக்கும்போது கேட்க வேண்டியவை இன்னொன்று.

அக்குவினாஸின் மூன்று கேள்விகள் முதல் தொகுதிக்குள் வரும். முறையான அதிகாரம் உள்ளவர்தான் முடிவெடுக்கிறாரா? போதிய காரணம், அதாவது எதிர்த்தரப்பு செய்த உண்மையான கொடுமை ஒன்று இருக்கிறதா? நோக்கம் சரியானதா? பின்னால் வந்தவர்கள் மேலும் மூன்றைச் சேர்த்தார்கள். போர்தான் கடைசி வழியா? வெற்றிக்கு நியாயமான வாய்ப்பு உண்டா? வரும் நன்மையைவிடத் தீமை மிஞ்சாமல் இருக்குமா? கடைசியாகச் சொன்னதை அளவுப் பொருத்தம் என்பார்கள்.

இவற்றில் ஒன்று தவறினாலும் விடை ‘கூடாது’. ஆறில் நான்கு தேறிவிட்டது என்று மதிப்பெண் கூட்டுவதற்கு இது தேர்வுத்தாள் அல்ல.

அதிகாரமும் வெற்றி வாய்ப்பும் ஓரளவு வெளிப்படையாகத் தெரிபவை. மனிதர் ஏமாறும் இடம் நோக்கம்தான். காரணம் நியாயமாக இருந்தும் நோக்கம் கெட்டிருக்கலாம். அண்டை நாட்டு மக்கள் உண்மையிலேயே ஒடுக்கப்படுகிறார்கள். அதைச் சொல்லி ஒருவன் படையெடுக்கிறான். உள்ளே இருப்பதோ நிலத்தாசை, எண்ணெய் ஆசை, தேர்தல் ஆசை, பழைய அவமானத்துக்குப் பழிவாங்கும் ஆசை. போரில் உண்மையாகக் கண்டிக்கத்தக்கவை எவை என்று அகுஸ்தீன் பட்டியலிட்டபோது சாவை முதலில் வைக்கவில்லை. எப்படியும் சாகப்போகிறவர்கள்தானே என்று கசப்பாகவே எழுதினார். தீங்கு செய்யும் வெறியையும் ஆதிக்க ஆசையையும் வஞ்சம் தீர்க்கும் கொடூரத்தையும்தான் சொன்னார். அரசனின் நெஞ்சைத் திறந்து பார்க்க நம்மால் ஆகாது. ஒரு சோதனை மட்டும் செய்யலாம்: எதிரி இன்றைக்கே நிபந்தனைகளுக்கு இணங்கிவிட்டால் நம் தலைவர் மகிழ்வாரா, ஏமாற்றமடைவாரா?

‘கடைசி வழி’யும் இப்படித் தேய்ந்துபோன சொல். பேச்சுவார்த்தை, தடைகள், நடுவர் மன்றம், பார்வையாளர்கள் என்று எல்லாவற்றையும் உண்மையான முயற்சியோடு செய்து பார்த்தோமா என்பது கேள்வி. படைகளை எல்லையில் குவித்துவிட்டு, வெயில் காலம் வருவதற்குள் தாக்கியாக வேண்டும் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே பேசுகிற பேச்சுவார்த்தை இதில் சேராது.

இரண்டாவது தொகுதியில் முதன்மையானது போரிடாதோர் பாதுகாப்பு. ஆயுதம் ஏந்தாதவரை வேண்டுமென்றே குறிவைக்கக் கூடாது. காரணம் நியாயமாக இருப்பதால் இந்த விதி தளராது என்பதுதான் பலருக்கும் கசக்கும் செய்தி. நாஜிகளை எதிர்த்த போரைவிட நியாயமான காரணம் கொண்ட போரைச் சொல்வது கடினம். அந்தப் போரின் நடுவே, 1944 பிப்ரவரியில், பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் சிச்செஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல் எழுந்து, ஜெர்மன் நகரங்களை முழுமையாகக் குண்டுபோட்டு அழிப்பது எந்த வகையில் நியாயம் என்று தன் சொந்த அரசைக் கேட்டார். அவர் ஹிட்லரை ஆதரித்தவர் அல்ல, தொடக்கத்திலிருந்தே எதிர்த்தவர். கேன்டர்பரி பேராயர் பதவி பின்னர் அவருக்குக் கிடைக்காமல் போனதற்கு அந்த உரையே காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் அணுகுண்டு வெடித்தது உராகாமி பகுதிக்கு மேலே. ஜப்பானியக் கத்தோலிக்கர்கள் இரண்டரை நூற்றாண்டுகள் ஒளிந்து மறைந்து விசுவாசத்தைக் காத்த இடம் அது. அங்கிருந்த பேராலயத்தில் அப்போது பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. குண்டு ஏற்றிச் சென்ற விமானப்படைப் பிரிவுக்கு டினியன் தீவில் ஆன்மிகப் பணி செய்தவர் ஜார்ஜ் சபெல்கா என்ற கத்தோலிக்கக் குரு. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வெளிப்படையாக மனம் வருந்தி, போர்மறுப்பாளராகவே மாறினார்.

சுருக்கமாக: போரைத் தொடங்குவது சரியா என்பது ஒரு தீர்ப்பு, நடத்தும் விதம் சரியா என்பது வேறொரு தீர்ப்பு. ஒன்றில் வென்றவர் மற்றொன்றில் தோற்கலாம்.

## 2003: ஒரே தராசு, இரண்டு எடைகள்

இந்தக் கேள்விகள் நடைமுறையில் எப்படிப் பயன்பட்டன என்று பார்க்க ஈராக் போருக்கு முந்தைய மாதங்கள் நல்ல பாடம். இரு தரப்புக் கிறிஸ்தவர்களும் இதே கோட்பாட்டைத்தான் மேற்கோள் காட்டினார்கள்.

2002 அக்டோபரில் அமெரிக்காவின் தென்பாப்திஸ்து சபையின் அறநெறிக் குழுத் தலைவரும் வேறு சில சுவிசேஷத் தலைவர்களும் அதிபர் புஷ்ஷுக்குக் கடிதம் எழுதி, சதாம் உசேனுக்கு எதிரான போர் நியாயப் போரின் நிபந்தனைகளுக்குள் வருகிறது என்றார்கள். புஷ் அங்கத்தினராக இருந்த மெதடிஸ்டு சபையின் ஆயர்களோ போரை எதிர்த்தார்கள். 2003 ஜனவரி 13 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், வெளிநாட்டுத் தூதர்கள் முன்னிலையில், போர் எப்போதும் மனிதகுலத்தின் தோல்வியே என்றார். பிப்ரவரியில் கர்தினால் எட்செகரேயைப் பாக்தாத்துக்கு அனுப்பினார். மார்ச் 5, சாம்பல் புதன்கிழமை அன்று, புஷ் குடும்பத்துக்கு நெருக்கமானவரான கர்தினால் பியோ லாகி வெள்ளை மாளிகைக்கே சென்று பேசினார். மார்ச் 20 அன்று போர் தொடங்கியது.

எடை மாறியது எங்கே? காரணம் என்ற கேள்வியில்தான் முக்கியமாக. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன, அவை நாளை நம்மீது திரும்பலாம் என்பது வாதம். எதிரி வாளை ஓங்கிவிட்டபோது முந்திக்கொண்டு தடுப்பதை மரபு ஏற்றிருக்கிறது. எதிரி என்றாவது ஒருநாள் வாள் வாங்கக்கூடும் என்று இன்றே தாக்குவது வேறு. அதைத் தடுப்புப் போர் என்பார்கள், மரபு அதை ஏற்றதில்லை. 2003-இல் இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த கோடு அழிக்கப்பட்டது. கடைசி வழி என்ற கேள்வியிலும் தடுமாற்றம்தான்: 2002 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1441-ஆம் தீர்மானத்துக்குப் பிறகு ஆய்வாளர்கள் ஈராக்கில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இன்னும் அவகாசம் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள்.

பேரழிவு ஆயுதக் கிடங்குகள் எதுவும் அகப்படவில்லை. அளவுப் பொருத்தம் என்ற கேள்விக்கு வரலாறு சொன்ன பதில் அதைவிடக் கசப்பானது. இயேசு பேசிய அரமேயத்தின் வழிவந்த மொழியை இன்றும் பேசும் கல்தேய, அசீரியக் கிறிஸ்தவர்கள் ஈராக்கில் திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளிலிருந்து வாழ்ந்தவர்கள். சர்வாதிகாரியின் காலத்தையும் தாண்டி வந்தவர்கள். போருக்குப் பின் வந்த குழப்பத்தில் கடத்தலும் கொலையும் பெருகின. 2010 அக்டோபர் 31, ஞாயிறு திருப்பலியின்போது பாக்தாத்தின் ஒரு பேராலயத்தில் புகுந்தவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் சாவுக்குக் காரணமானார்கள். 2014-இல் மோசுல் நகரத்தை ஐ.எஸ். அமைப்பு பிடித்தபோது எஞ்சியிருந்த கிறிஸ்தவர்களும் வெளியேறினார்கள். போரை ஆதரித்து ஜெபித்த சபைகள் பலவற்றில் இந்த மக்களின் பெயர்கூட உச்சரிக்கப்பட்டதில்லை என்பது என் வருத்தம்.

கோட்பாடு பழுதா? இல்லை என்றே நினைக்கிறேன். தராசு சரியாகத்தான் இருந்தது; பிடித்த கை தன் கொடியை நேசித்த கை. அரசு தரும் தகவலை வைத்து அரசின் போரை நிறுத்துப் பார்க்கிறோம். ஆகவே ஐயம் வந்தால் தட்டு போருக்கு எதிராகத்தான் சாய வேண்டும்.

## போர்மறுப்பு கோழைத்தனமா?

போரை எதிர்ப்பவர்களிடம் எல்லோரும் கேட்பது, “ஹிட்லரை என்ன செய்திருப்பீர்கள்?” கடினமான கேள்விதான். ஜெர்மன் போதகர் டீட்ரிஷ் போன்ஹோபர் சமாதானத்தின் பக்கம் உறுதியாகச் சாய்ந்தவர். பிறகு ஹிட்லரை ஒழிக்கும் சதியோடு தொடர்புடைய வட்டத்தில் சேர்ந்து, 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் செய்ததை எளிதாக நியாயப்படுத்தவும் முடியாது, எளிதாகக் கண்டிக்கவும் முடியாது.

ஆனால் போர்மறுப்பு என்றால் கைகட்டி நிற்பது என்ற எண்ணம் தவறு. பிரான்சின் லெ ஷாம்போன் கிராமத்துப் புரட்டஸ்டண்டு மக்கள், போர்மறுப்பாளரான தங்கள் போதகர் ஆந்த்ரே ட்ரோக்மேயின் தலைமையில், யூத அகதிகளை வீடுகளிலும் பள்ளிகளிலும் மறைத்துவைத்துக் காப்பாற்றினார்கள். துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்ற அட்வென்டிஸ்டு மருத்துவ உதவியாளர் டெஸ்மண்ட் டாஸ், 1945-இல் ஒகினாவாவின் செங்குத்துப் பாறையிலிருந்து காயமடைந்தவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்கினார். அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதைப் பெற்றார். குவேக்கர்களின் நிவாரணப் பணிக்கு 1947-இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

‘சமாதானம் பண்ணுகிறவர்கள்’ என்றுதான் மலைப்பிரசங்கம் சொல்கிறது. பண்ணுவது வேலை. சண்டை ஓய்ந்திருப்பதையே சமாதானம் என்று சொல்லிக் காயங்களை ‘மேற்பூச்சாய்க் குணமாக்குகிறவர்களை’ எரேமியா 6:14 கடிந்துகொள்கிறது. போர் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒடுக்கப்படுகிறவர் எப்படிப் போனால் என்ன என்றிருக்கும் அமைதி வேதாகமம் சொல்லும் சமாதானம் அல்ல. இதைப் போர்மறுப்பாளர்களும் மறந்துவிடுவதுண்டு.

## ரோமர் 13 எவ்வளவு தூரம் போகும்?

அரசு தேவனுடைய ஊழியக்காரன் என்கிறார் பவுல். ஊழியக்காரன் என்பதாலேயே அவனுக்கு மேலே எஜமான் ஒருவர் இருக்கிறார். அதிகாரிகளுக்குக் கீழ்ப்படியச் சொன்ன அதே புதிய ஏற்பாட்டில், “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” என்று பேதுரு அதிகாரிகளின் முகத்துக்கு நேரே சொல்கிறார். ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 2, அந்த ஜெபத்தின் நோக்கத்தையும் சொல்கிறது: கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம்பண்ணும்படிக்கு. தலைவருக்காக ஜெபிப்பது அவர் திட்டத்துக்குக் கையொப்பம் இடுவதாகாது.

ஜெர்மன் படைவீரரின் இடுப்புவார்க் கொக்கியில் ‘தேவன் நம்மோடு’ என்று பொறித்திருந்தது, இரண்டு உலகப் போர்களிலும். எதிர்ப் பதுங்குகுழியிலும் அதே வேதாகமம்தான் வாசிக்கப்பட்டது. 1934-இல் பார்மென் நகரில் கூடிய ஜெர்மன் சபைத் தலைவர்கள், இயேசு கிறிஸ்துவே கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய ஒரே தேவ வார்த்தை என்று அறிக்கையிட்டார்கள். ஹிட்லர் என்ற தலைவருக்கும் தேசத்துக்கும் அந்த இடம் இல்லை என்பதே அதன் அரசியல் பொருள். அந்த அறிக்கையை ஏற்றவர்களிலும் பெரும்பாலோர் போர் வந்தபோது படையில் சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

## தன் நாட்டையே நிறுத்துப் பார்த்த ஒருவர்

பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் ஆஸ்திரியாவின் சங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் விவசாயி. கோயில் பணியும் பார்த்தவர். எல்லாப் போரும் பாவம் என்று அவர் சொல்லவில்லை. ஹிட்லரின் இந்தப் போர் அநியாயம், இதில் நான் போரிடமாட்டேன் என்றார். பங்குக் குருக்களும் ஆயரும் அவருக்குச் சொன்ன புத்திமதி, குடும்பத்தைப் பார், போரின் நியாயத்தை அரசு பார்த்துக்கொள்ளும் என்ற வகையிலேயே இருந்தது. மனைவியையும் சிறு பெண்குழந்தைகளையும் விட்டு, 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டார். 2007-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக (புனிதர் நிலைக்கு முந்தைய படி) அறிவித்தது. நியாயப் போர்க் கோட்பாட்டை அதன் முழுப் பொருளில் பின்பற்றியவர் அவர்தான். அதைக் கற்றுத்தந்தவர்களே அவரைத் தடுத்தார்கள்.

இன்றைய சட்டங்களில் அவருக்கு இடம் உண்டா? மனச்சாட்சியின்படி ராணுவச் சேவையை மறுக்கும் உரிமையைத் தரும் நாடுகள் பெரும்பாலும் எல்லாப் போரையும் மறுப்பவருக்குத்தான் அதைத் தருகின்றன. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1971-இல், அந்தப் போர் மட்டும் அநியாயமானது என்று மறுத்த கத்தோலிக்கர் ஒருவரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. எல்லாப் போரையும் எதிர்ப்பவருக்கே விலக்கு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குவேக்கருக்கு வழி உண்டு. போரைப் பற்றித் திருச்சபையின் பெரும்பகுதி கற்பிக்கும் கோட்பாட்டை அப்படியே நம்பி, ‘இந்தப் போர் கூடாது’ என்று முடிவுக்கு வந்தவருக்கு வழி இல்லை. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் அக்காலத்திலேயே இத்தகைய மறுப்பையும் சட்டம் ஏற்கவேண்டும் என்று கேட்டார்கள். அங்கே சட்டம் இன்னும் மாறவில்லை.